பத்திரிகையில் அந்தப் படம் வேண்டாம்

அருண்,

நேற்று சாயங்காலம் போனை வைத்தது நான்தான். லைன் கட் ஆகிவிட்டது என்று உன் அப்பாவிடம் சொன்னேன், உனக்கும் அப்படியே மெசேஜ் அனுப்பினேன். லைன் கட் ஆகவில்லை. நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை, அதனால் வைத்துவிட்டேன். கல்யாணப் பத்திரிகையின் அட்டையில் அந்தக் குருவிப் படத்தைப் போடலாம் என்று நீயும் திவ்யாவும் ஆசையாகக் கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாய். வேண்டாம்னா வேண்டாம், விடு என்றேன். மூன்றாவது தடவை கேட்கும்போது உன் குரல் மாறிவிட்டது. "உன்னால எதுலயுமே கொறை சொல்லாம இருக்க முடியாதாம்மா? நீ எடுத்ததுலயே நல்ல படம் அதான். அதுலயும் இன்னா கொறை?" என்றாய். புனேவுக்குப் போய் ஆறு வருஷமாகியும் கோபம் வந்தால் உனக்கு ஆவடிப் பேச்சுதான் வருகிறது. அருண், படத்தில் குறை இல்லை. அதை எடுத்தவளிடம்தான் இருக்கிறது. அச்சகத்துக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் படத்தைக் கேட்டிருக்கிறார் என்றாய். இன்றைக்குச் செவ்வாய். போனில் பேசினால் மறுபடியும் பாதியில் வைத்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி.

உன் கேமரா என் கைக்கு வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். காலேஜில் படிக்கும்போது வாங்கி, ஒரு வருஷம் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்துவிட்டு, பீரோவின் மேல் தட்டில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாய். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருபத்துநாலு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். அங்கே என்ன செய்தேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. லேத்தில் கடைந்து வரும் சின்னச் சின்ன உதிரி பாகங்களை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஓரத்தில் பிசிறு இருந்தாலோ, மயிரிழை அளவு கீறல் இருந்தாலோ சிவப்பு டப்பாவில் போடுவேன். நல்லதை நான் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, கெட்டதைக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம். கம்பெனியை வேறு ஊருக்கு மாற்றியபோது எங்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்த முதல் மாதம், பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் என் கண்ணுக்கே பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஒரு நாள் பீரோவைத் துடைக்கும்போது அந்தக் கேமராப் பை கையில் பட்டது. சார்ஜ் போட்டு, மொட்டை மாடிக்கு எடுத்துப் போய், எதிர்வீட்டு டேங்கின் மேல் உட்கார்ந்திருந்த காக்கையை எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தபோது அதன் கண்ணின் மேல் ஒரு மெல்லிய தோல் பக்கவாட்டில் பாதி மூடியிருந்தது. தினமும் காக்கைக்குச் சோறு வைக்கிறேன், அதன் கண்ணில் அப்படி ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, உன் அப்பா கீழேயிருந்து சத்தம் போட்டார்.

சந்தோஷம் என்றால் அவ்வளவுதான், அருண். மற்றதெல்லாம் எரிச்சல். பருத்திப்பட்டு ஏரியில் ஒரு கருப்பு வெள்ளை மீன்கொத்தி இருக்கிறது. தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் நின்று சிறகடித்து, திடீரென்று கல் விழுவது போலத் தலைகீழாக விழும். அது மீனோடு வெளியே வரும் அந்த ஒரு நொடிக்காக இரண்டு வருஷம் அலைந்தேன். காலை ஐந்தரைக்கு எழுந்து, அப்பாவுக்கு டிபனை மூடி வைத்துவிட்டு, ஸ்கூட்டியில் போய்க் கரையில் நிற்பேன். என்னிடம் இருக்கும் படங்களில் தண்ணீர் வளையம் இருக்கும், பறவை இருக்காது. அல்லது வால் மட்டும் இருக்கும். ஒரு நாள் அது வெகு அருகில், மீனோடு, முகத்தை என் பக்கம் திருப்பி எழுந்தது. அந்தச் சமயம் பார்த்து நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் லென்ஸுக்கு முன்னால் நின்று, "மேடம், இது எந்த சேனலுக்கு?" என்று கேட்டார். இன்னொரு நாள் கல்யாண ஜோடி ஒன்று புகைக்குண்டு வெடித்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தது, ஏரியே காலியாகிவிட்டது. ஆகாயத்தாமரை படர்ந்த மாதங்களில் தண்ணீரே தெரியாது. அதை வாரியெடுத்துத் தண்ணீர் தெரிந்த மாதங்களில் பறவை நடு ஏரிக்குப் போய்விடும், என் லென்ஸ் அவ்வளவு தூரம் எட்டாது. தனியாகப் பெண்பிள்ளை வந்திருக்கிறாளே என்று கேட்பவர்கள், எங்களையும் ஒண்ணு எடுங்க என்பவர்கள், சேலையைக் கடிக்க வரும் நாய்கள். இதற்கு நடுவில் இடது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இருபத்துநாலு வருஷம் பிசிறைக் கண்டுபிடித்த கண்ணால், படம் தெளிவாக விழுந்திருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து உன் பழைய லேப்டாப்பில் போட்டுப் பார்ப்பேன். நானூறு படத்தில் நானூறையும் அழிப்பேன். ஒவ்வொன்றாக அழிக்கும்போது எனக்குள் ஒரு வெறி வரும். அந்த வெறி எனக்குப் பழக்கமானது.

நீ நேற்று சொன்னது பொய்யில்லை. குறை சொல்லாமல் என்னால் இருக்க முடிந்ததில்லை. நீ பன்னிரண்டாவது படிக்கும்போது எனக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தது, நினைவிருக்கிறதா? ஸ்கூலிலிருந்து வந்து, யாரிடமும் சொல்லாமல், மாவு பிசைந்து சப்பாத்தி போட்டு, தட்டில் வைத்து என் கட்டிலுக்குக் கொண்டு வந்தாய். நான் ஒரு சப்பாத்தியை எடுத்து, ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, இங்கே வேகவில்லை என்றேன். நீ தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அதற்குப் பிறகு நீ அந்த அடுப்பைத் தொட்டதே இல்லை. வேகாத ஓரம் ஒரு விரல் அகலம்கூட இருக்காது. பசியில் நான் மீதியைச் சாப்பிட்டிருந்தால் எனக்கும் நல்லது, உனக்கும் நல்லது. எனக்கு அது அன்றைக்குத் தெரியவில்லை. வேலையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவினேன், கண்ணைக் கழுவியதில்லை.

கமாலை உனக்குத் தெரியும். கரையான்சாவடியில் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருப்பவர். உன்னைவிடப் பத்து வயது பெரியவர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஏரிக்கரையில்தான் பழக்கம். என்னுடையதைவிடப் பழைய கேமரா, கறுப்புத் துணியில் அவரே தைத்த உறை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் இரண்டு வண்டியில் பாரிவாக்கம் பக்கம், திருமழிசை பக்கம் என்று சுற்றுவோம். அவருக்குப் படம் வரும், எனக்கு வராது. அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒரு புதருக்கு முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, "இன்னைக்கு மூட் இல்லக்கா அதுக்கு" என்று சொல்லி எழுந்து போய்விடுவார். பறவைக்கு மூட் இல்லை என்பார், தனக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கு அவர்மேல் பொறாமை. நாங்கள் இருவரும் இருந்த ஒரு போட்டோ குரூப்பில் ஆள் ஆளுக்குக் காட்டிலிருந்து புலி, இருவாச்சி என்று போடுவார்கள். அவர்களுடைய லென்ஸ் என் கை நீளம் இருக்கும். நான் என் ஏரியில் எங்கும் நீந்தும் நாமக்கோழியைப் போடுவேன். யாராவது ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார், அவ்வளவுதான். இந்த வயதில் யாரிடமிருந்தோ ஓர் இதயக் குறி வாங்குவதற்காக நான் போனைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, மே மாதம். பாரிவாக்கத்தில் விற்காமல் கிடந்த ஒரு பிளாட்டில், எல்லைக் கல் நட்ட ஓரமாக ஓர் உன்னிச்செடிப் புதர். அதற்குள் இடுப்பு உயரத்தில் ஒரு கொண்டைக்குருவிக் கூட்டைப் பார்த்தேன். நம் வீட்டு முருங்கையில் வந்து உட்காருமே, தலையில் கறுப்புக் கொண்டையும் வாலடியில் சிவப்புமாக, அதேதான். கூட்டில் மூன்று குஞ்சுகள். இறகு முளைக்கவில்லை, வாய் மட்டும் சிவப்பாக விரியும். தாயும் தகப்பனும் மாறி மாறிப் பூச்சி கொண்டு வந்தன. கமாலிடம் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. இது என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். முதல் நாள் நூறு படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் ஓர் இலை குறுக்கே இருந்தது. அலகின் மேல் இலை, குஞ்சின் மேல் இலை, கண்ணின் மேல் இலை. இரண்டாம் நாளும் அப்படியே. இடம் மாறிப் பார்த்தேன், முட்டி போட்டுப் பார்த்தேன், முள் கிழித்ததுதான் மிச்சம். அன்று இரவு லேப்டாப்பில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தையல் மெஷின் டிராயரிலிருந்து துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துப் பையில் வைத்தேன்.

மூன்றாம் நாள் காலை, தாயும் தகப்பனும் இல்லாத நேரம் பார்த்து, கூட்டுக்குக் கிழக்குப் பக்கம் நான்கு கிளைகளை வெட்டினேன். ஐந்தாவது தடிமனாக இருந்தது; அதை நூலால் பின்னால் இழுத்துக் கட்டினேன். காலை வெயில் நேராகக் கூட்டுக்குள் விழுந்தது. பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டேன். தாய் வந்தது, மேலே போகும் கரண்ட் கம்பியில் உட்கார்ந்தது, கத்தியது, திரும்பிப் போனது. நான்கைந்து தடவை அப்படிப் போய் வந்தது. குஞ்சுகளின் பசி அதைக் கடைசியில் இழுத்துக்கொண்டு வந்தது. எட்டு மணிக்கு மேல் இரண்டும் ஒன்றாக வந்தன. ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், நடுவில் மூன்று வாய்கள், குறுக்கே ஒரு இலைகூட இல்லை. எடுத்தவுடனே தெரிந்துவிட்டது, கண்ணில் புரை இருந்தும் தெரிந்துவிட்டது. பத்து மணி வரை அங்கேயே இருந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து குரூப்பில் போட்டேன். மத்தியானத்துக்குள் எண்ண முடியாத அளவு பாராட்டு வந்துவிட்டது. புலி எடுப்பவர்கள்கூட எழுதினார்கள். சாயங்காலம் நீ போன் செய்தாய். "அம்மா, நெசமாவே இது நீ எடுத்ததா?" என்று கேட்டாய். நீ என்னை அப்படி ஆச்சரியமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. உன் போனில் முகப்புப் படமாக அதை வைத்தாய். அதைப் பார்த்துத்தான் திவ்யா உன்னிடம் முதலில் பேசினாள் என்று பிறகு சொன்னாய். இந்தப் படம் உங்கள் இருவருக்கும் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இரண்டு வருஷமாக இதைச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை போனேன். கட்டியிருந்த கிளையை அவிழ்த்துவிட வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன், அது உண்மை. முந்தின நாளே அவிழ்த்திருக்க வேண்டும். படம் கிடைத்த சந்தோஷத்தில் மறந்துவிட்டேன். கூடு ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. கீழே ஒரு குஞ்சு விழுந்திருந்தது, எறும்பு மொய்த்திருந்தது. மற்ற இரண்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் குஞ்சு தின்னும் செம்போத்து ஒன்று தினமும் நடமாடும், அதுவாக இருக்கலாம். காக்கையாக இருக்கலாம். தாயும் தகப்பனும் போகவில்லை. அலகில் பூச்சியோடு ஒன்று கம்பியிலிருந்து இறங்கி வரும், காலிக் கூட்டின் விளிம்பில் உட்காரும், உள்ளே பார்க்கும், பூச்சியோடேயே திரும்பிப் போகும். மறுபடியும் வரும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கேமராவைத் தூக்கினேன். மூன்று படம் எடுத்த பிறகுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. இதில் எனக்கு மிகவும் அருவருப்பானது அந்த மூன்று படங்கள்தான், அருண். கிளையை வெட்டியதற்காவது ஆசை என்று ஒரு பெயர் சொல்லலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கமால் என்னிடம், எப்படி அவ்வளவு தெளிவாக வந்தது, முன்னால் ஓர் இலைகூட இல்லையே என்று கேட்டார். புதர் அப்படித்தான் இருந்தது என்றேன். அவர் அதோடு போய்விட்டார். பாரிவாக்கத்தில் எந்தப் பிளாட் என்று நான் சொல்லாமலே தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து நம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே வராமல், கேட்டுக்கு வெளியே நின்று பேசினார்.

"வெட்ன எடம் இன்னும் பச்சையா கீதுக்கா. நூலு கூட அப்டியே தொங்கிகினு கீது."

நான் காற்றில் ஒடிந்திருக்கும் என்று ஆரம்பித்தேன். அவர் துணி வெட்டிப் பிழைப்பவர், அருண். அவரிடம் போய் அதைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அப்புறம் இன்னும் மோசமான ஒன்றைச் சொன்னேன். வெட்டாமல் இருந்தாலும் காக்கா தூக்கிக்கொண்டுதான் போயிருக்கும், பாதிக் கூடு அப்படித்தானே போகிறது என்றேன்.

"போயிருக்கும். இல்லன்னு சொல்லல," என்றார். "ஆனா இந்தக் கூட்ட காக்காவுக்குக் காட்டிக் குடுத்தது நீ."

அவ்வளவுதான் பேசினார். குரூப்பில் யாரிடமும் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டு, சண்டை பிடித்து, ஒரு மாதத்தில் சமாதானம் ஆகியிருக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கரையான்சாவடியில் கடையைக் கடந்து போகும்போது தலையசைப்பார், நானும் அசைப்பேன். ஒரு தடவை ஸ்கூட்டி சீட் கிழிந்திருந்தது. வேறு கடையில் கொடுத்துத் தைத்தேன். அது சரியாக வரவில்லை, ஓரமெல்லாம் சுருங்கியிருக்கிறது, உட்காரும்போதெல்லாம் தெரிகிறது. அப்பா அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டினார். வருகிறவர்கள் எல்லாரும் அதன் கீழே நின்று, எவ்வளவு பொறுமை உங்களுக்கு என்கிறார்கள். நான் காபி போடப் போய்விடுவேன். பெண் பார்க்க நாங்கள் போனபோது திவ்யாவின் அம்மா, மருமகளையும் இப்படித்தான் பார்த்துக்கொள்வீர்கள் என்று உன் போனில் இருந்த படத்தைக் காட்டிச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று நீ கோபித்துக்கொண்டாய்.

இப்போது பத்திரிகை. ஐந்நூறு வீட்டுக்குப் போகும். ஐந்நூறு வீட்டில், உங்கள் இரண்டு பேரின் பெயருக்கு மேலே, அந்தக் குருவிகள் உட்கார்ந்திருக்கும். அது என்னால் முடியாது. காரணம் இதுதான். ஒரு வரியில் நேற்றே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வேண்டாம்னா வேண்டாம் என்று உன் வாயை அடைத்தேன், என் அவமானத்தை மறைக்க உன்னைப் பிடிவாதக்காரனாக்கினேன். கல்யாணம் ஆகப்போகிற உனக்கு நான் அறிவுரை சொல்ல வேண்டுமென்றால் இது ஒன்றுதான்: திவ்யா ஏன் என்று கேட்டால் காரணத்தைச் சொல். அது உனக்கு அசிங்கமாக இருந்தாலும் சொல். நீ சொல்லாமல் விட்டால் அவள் தன்மேல்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொள்வாள். நீ அப்படித்தான் பல வருஷம் நினைத்திருக்கிறாய் என்று எனக்கு நேற்று, போனை வைத்த பிறகு, தோன்றியது.

இதை எழுத உட்காருவதற்கு முன்னால் இன்று காலை ஒரு காரியம் செய்தேன். பழைய குரூப்பில் அந்தப் படத்தை மறுபடியும் போட்டு, கீழே நடந்ததை எழுதினேன். கத்தரிக்கோல், நான்கு கிளை, நூல், மறுநாள் கூடு, எல்லாவற்றையும். கமால் பெயரை எழுதவில்லை. அனுப்பிவிட்டு, போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒருவர் குரூப்பை விட்டு வெளியே போனார். ஒருவர், எல்லாரும் செய்வதுதான் மேடம், நீங்கள் சொல்கிறீர்கள், மற்றவர்கள் சொல்வதில்லை என்று எழுதினார். ஒருவர் கையைக் கூப்பிக் காட்டினார். புதிதாகச் சேர்ந்த யாரோ ஒருவர், படத்தை மட்டும் பார்த்துவிட்டு, சூப்பர் மேடம், இது எந்த இடம், லொகேஷன் அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனைச் சுவரில் எறிந்திருப்பேன். இரண்டு வருஷம் நெஞ்சில் வைத்திருந்ததைக் கொட்டினால், அதற்குக் கீழே வந்து வழி கேட்கிறார்கள். அனுப்ப மாட்டேன் என்று எழுதினேன். கமால் படித்துவிட்டார் என்று காட்டுகிறது. பதில் போடவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை என்று எழுத வந்தேன், அது பொய். காலையிலிருந்து பதினைந்து தடவை திறந்து பார்த்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தைத் திவ்யாவிடமும் காட்டு. அவள் அம்மாவிடம் நானே நேரில் சொல்கிறேன். பத்திரிகை அட்டையில் வெறும் பெயர் மட்டும் இருக்கட்டும், அல்லது உங்களுக்குப் பிடித்த வேறு எதையாவது போடுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன். கோபம் வந்தால் போன் செய்து திட்டு. இந்தத் தடவை நீ முடிக்கும் வரை கேட்பேன். "பரவாயில்லம்மா" என்று மட்டும் சொல்லிவிடாதே. அதை உன் அப்பா, காலையில் நான் இதையெல்லாம் சொன்னபோதே, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்லிவிட்டார்.

அம்மா